நெற்றியில் வைத்த பத்து ரூபாய்

அத்தியாயம் பதினொன்று

குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு யசோதரன் எழும்பினான். பெரிய வாளியை வைத்தான். அது நிரம்பியதும் சின்ன வாளி. பிறகு தொட்டி. தொட்டி நிரம்பும்வரை பல் தீட்டினான். அடுப்பில் தண்ணீர் வைத்துத் தேயிலை போட்டான். சீனி போட மறந்துபோனான். அப்படியே குடித்தான்.

படலையடியில் இரண்டு கழுதைகள் குப்பைப் பையைக் கிழித்துக்கொண்டு நின்றன. தும்புத்தடியால் நிலத்தில் தட்டினான். அவை அசையவில்லை. வாழைப்பழத் தோலைத் தின்று முடித்துவிட்டுத் தங்கள் பாட்டில் நடந்தன. சிதறிக் கிடந்ததை அள்ளி இன்னொரு பையில் கட்டினான்.

சேட்டுக்கு அயன் பிடித்தான். போட்டான். பொத்தான்களைப் பூட்டி முடித்த பிறகுதான் அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை என்பதும் கச்சேரியில் அலுவலக வேலை இல்லை என்பதும் நினைவுக்கு வந்தன. சேட்டைக் கழற்றவில்லை.

போக இடமில்லாததால் அலுமாரிக்கு மேலிருந்து அந்த மூடியை இறக்கினான்.

மீன் பெட்டி மூடி அது. ஐஸ் போட்டு மீன் அடைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியின் மூடி. மன்னார்ச் சந்தையில் மீன் விற்கும் லூர்தம்மா எறியப் போனதை மனைவி டிலக்சனா கேட்டு வாங்கி வந்தாள். சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தாள். அதில் இலங்கை வரைபடத்தைப் பென்சிலால் கீறினாள். மாவட்டத்துக்கு ஒன்றாகப் பள்ளம் தோண்டினாள். சோடா மூடியைக் குறட்டால் பிடித்து நெருப்பில் காட்டி அழுத்தினால் பத்து ரூபாய் நாணயக் குற்றி அளவுக்குப் பள்ளம் விழும் என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். அன்று வீடு முழுக்கக் கருகல் நாற்றம். மீன் வாடையும் முழுதாகப் போகவில்லை. மழைக்காலத்தில் மூடி இன்றைக்கும் இலேசாக மணக்கும்.

பல வருடங்களுக்கு முன் மத்திய வங்கி ஒவ்வொரு மாவட்டத்தின் பெயரிலும் ஒரு பத்து ரூபாய்க் குற்றி வெளியிட்டது. அவற்றைத்தான் அவள் சேர்த்தாள். முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைக்கிற கொடுப்பனவில் வேறு எதைச் சேர்ப்பது? பத்து ரூபாயைக் கொடுத்துப் பத்து ரூபாயை வாங்கினால் யாருக்கும் நட்டமில்லை என்பாள். மிச்சக் காசில் வந்ததை வைத்துக்கொள்ளலாம். தெரிந்தவர்களிடம் மாற்றிக்கொள்ளலாம். விலை கொடுத்து வாங்கக் கூடாது. அது அவளுடைய சட்டம்.

முழுத் தொகுதியும் பெட்டியோடு விற்பனைக்கு இருப்பதை அவன் ஒருமுறை போனில் காட்டினான். அவள் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அது கடைக்காரனின் சேர்ப்பு, தன்னுடையது எப்படி ஆகும் என்று கேட்டாள்.

மூடியில் இப்போது மூன்று பள்ளங்கள் வெறுமை. மாத்தளையும் மொனறாகலையும் அவள் இருக்கும்போதே கிடைக்கவில்லை. மூன்றாவது மன்னார். அவளுக்கு முதன்முதலில் கிடைத்தது அதுதான். இப்போது இல்லாததும் அதுதான்.

டிலக்சனா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்தக் குற்றிக்காகத்தான் யசோதரன் வீட்டைக் கிளறிக்கொண்டிருக்கிறான். போன வாரம் அவளுடைய கைப்பையைத் திறக்கத் துணிந்ததைப் பார்த்தோம். உள்ளே ஊசிகள், பஸ் ரிக்கற் துண்டுகள், முன்பள்ளிப் பிள்ளைகளின் கையில் ஒட்டுகிற நட்சத்திரங்கள். காசு இல்லை.

வேறு ஏதாவது மன்னார்க் குற்றியும் அந்தப் பள்ளத்தில் உட்காரும். அவனுக்கு அது வேண்டாம். அவளுடையதுதான் வேண்டும். கண்டால் அடையாளம் தெரியும். கிடைத்த அன்றைக்கே அவள் அதைப் பழப்புளி போட்டு, சட்டி தேய்க்கிற கம்பித் தும்பால் தேய்த்துவிட்டாள். பளபளக்கும் என்று நினைத்தாள். முகம் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல் விழுந்தது. காசு சேர்க்கிறவர்கள் காசைக் கழுவவே மாட்டார்கள் என்பதைப் பிறகு எங்கோ வாசித்தாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கீறல் விழுந்ததை மாற்றினால் என்ன என்று அவன் கேட்டதற்கு, "இது நான். இதை மாத்தேலாது" என்றாள்.

அவளுடைய ஆட்கள் மலையிலிருந்து வந்தவர்கள். கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடி முருங்கன் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். டிலக்சனா இங்கேதான் பிறந்தாள். இருந்தும் புதிதாகப் பார்ப்பவர்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள். முருங்கன் என்பாள். அது சரி, சொந்த ஊர் எது என்பார்கள். மன்னார் என்று எழுதிய காசு கையில் விழுந்தபோது அவள் சிரித்த சிரிப்புக்கு அதுதான் காரணம்.

* * *

அடுத்த ஒழுங்கையில் இருக்கிற அக்கா துஷ்யந்தி இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தாள். வாசலிலேயே சேட்டைக் கண்டுவிட்டாள்.

"போயாவிலையும் கந்தோரோ? உன்னை விட்டா அரசாங்கத்துக்கு ஆளில்லைப் போல."

அவன் தட்டை எடுத்தான். அவள் எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் மகளின் டப்லெட் இருந்தது. அடுத்த மாதம் ஆட்டைத் திவசம். நினைவஞ்சலி நோட்டீஸ் அடிக்க வேண்டும். அச்சகத்துக்கு நாளைக்கே கொடுத்தால்தான் நேரத்துக்குக் கிடைக்கும் என்றாள். வசனம் எல்லாம் எழுதியாகிவிட்டது. அவன் ஒரு படம் தெரிந்தெடுத்துக் கொடுத்தால் போதும்.

"கீழ அவளின்ர கடைசி வார்த்தையைப் போடுவம். 'அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ.' கொஞ்சம் பெரிய எழுத்தில."

"அது வேண்டாம்."

"ஏன்?"

"அவள் அப்பிடிச் சொல்லேல்ல, அக்கா."

துஷ்யந்தி சொதிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சொல்லேல்ல எண்டு எனக்குத் தெரியாதோ? நான்தானே சொன்னனான்."

முருங்கனில், தாய் வீட்டில் வைத்துச் செய்த செத்த வீட்டில் நடந்தது அது. டெங்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தாய் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் பிள்ளை கடைசியாக என்ன சொன்னாள் என்று பரமேஸ்வரி ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டாள். யசோதரனையும் கேட்டாள். அவன் வாய் திறக்கவில்லை. அக்காதான் அந்த வசனத்தைச் சொன்னாள். அதன் பிறகே அந்த மனிசி கீழே உட்கார்ந்தது.

"அப்ப என்ன சொன்னவள்? அதைச் சொல்லு, அதைப் போடுவம்."

அவன் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியோ. நீ சொல்லவும் மாட்டாய், மற்றவை சொன்னதை விடவும் மாட்டாய். மரத்தோட கதைக்கலாம், அது ஆடவாவது ஆடும்."

டப்லெட்டை அவன் முன்னால் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனாள்.

படங்களைத் தள்ளிப் பார்த்தான். கலியாணம். முன்பள்ளி விளையாட்டுப் போட்டி. மடுத் திருவிழாவில் பலூன் பிடித்துக்கொண்டு நின்ற படம். அடுத்ததைத் தள்ளினான். சாமந்தி மாலைகள். கூறைச் சீலை. கண்கள் மூடியிருந்தன.

இந்தப் படங்களை அவன் பார்த்ததே இல்லை. வெளிநாட்டு உறவுகளுக்காக எடுத்தவை. தான் அவளுடைய தலைமாட்டில் நிற்பது தெரிந்தது. எதையோ பார்த்துக்கொண்டு நின்றான். எதை என்று இப்போது நினைவில்லை.

விரலால் பெருப்பித்தான். நெற்றியில் சந்தனம். சந்தனத்தின் மேல் ஒரு காசு. இன்னும் பெருப்பித்தான். காசு வட்டமாக இல்லை. ஓரத்தில் மூலைகள் இருந்தன. பத்து ரூபாய்க் குற்றிக்கு மட்டும் இருக்கிற மூலைகள். வெளிச்சம் பட்ட இடத்தில் வட்டம் வட்டமாகக் கீறல்.

"ஐயோ, இதுவும் இதுக்குள்ளயோ? கொண்டா இஞ்ச" என்று துஷ்யந்தி கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"நெத்தியில காசு ஆர் வைச்சது?"

"மாமிதான். அது அவையளின்ர வழக்கமாம். நெத்திக்காசு." அவள் யோசித்தாள். "கூறைச் சீலை எடுக்க நானும் அவவும் இஞ்ச வந்தனாங்கள். நான் சீலை தேடேக்க அவ அலுமாரியடியில நிண்டவ. ஏன்?"

அவன் எழுந்து கை கழுவினான். செருப்பைப் போட்டான்.

"எங்க போறாய்? படம் தெரிஞ்சனியோ?"

"பலூன் படம்."

* * *

முருங்கன் பஸ் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் வற்றிச் சேறாகக் கிடந்தது. நடத்துநர் புதியவன். ரிக்கற்றோடு மிச்சக் காசைக் கொடுத்தான். யசோதரன் கையை விரித்துப் பார்த்தான். சாதாரணக் குற்றிகள். சேட்டுப் பையில் போட்டான்.

இந்தப் பழக்கம் அவளிடமிருந்து ஒட்டியது. போகவில்லை.

சனிக்கிழமைகளில் அவள் இதே பஸ்ஸில்தான் தாய் வீட்டுக்குப் போவாள். கடைகளில் இப்போது சில்லறைக்குப் பதிலாக ரொபி இனிப்புக் கொடுக்கிறார்கள். காசு புழங்குகிற இடம் பஸ் ஒன்றுதான் என்பது அவளுடைய கணிப்பு. றொட்னி என்று ஒரு நடத்துநர் இருந்தான். விடத்தல்தீவுப் பையன். முதலில் அவளைக் கிறுக்கு என்று நினைத்தான். பிறகு அவனுக்கும் தொற்றிவிட்டது. புதுப் பெயர் கண்டால் பைக்குள் போடாமல் சட்டைப் பையில் ஒதுக்கி வைப்பான். "ரீச்சர், உங்களுக்கு அம்பாறை வந்திருக்கு" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்துவான். அம்பாறையிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று சனங்கள் திரும்பிப் பார்க்கும்.

அவள் போனபிறகு யசோதரன் றொட்னியைக் காணவில்லை. வேறு பாதைக்கு மாறியிருக்கலாம்.

உயிலங்குளம் தாண்டியதும் வயல்கள் தொடங்கின. மழை கண்ட நெல் கரும்பச்சையாக நின்றது. ஜன்னல் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தும் அவன் ஓரத்து இருக்கையிலேயே இருந்தான்.

* * *

மாமி பரமேஸ்வரி கோழிக்கூட்டுக்குக் கம்பிவலை கட்டிக்கொண்டிருந்தாள். மருமகனைக் கண்டதும் எழும்பவில்லை.

"வாங்க மாப்பிள. இந்த ஓரத்தப் புடிங்க."

பிடித்தான்.

"மரநாய் வந்து ரெண்டத் தூக்கிட்டுப் போயிருச்சு. ஒரு சத்தம் இல்ல. சாப்புட்டீங்களா?"

"ஓம் மாமி."

"பொய். மொகத்துல எழுதியிருக்கு."

கம்பியை முறுக்கிக்கொண்டே சேதிகள் சொன்னாள். வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். களை எடுக்கக் கூப்பிடுகிறார்கள், முழங்கால் விடவில்லை. வலையின் ஒரு பக்கம் முடிந்தது. அவன் மறுபக்கத்துக்கு நகர்ந்து பிடித்தான்.

"மாமி, அண்டைக்கு நெத்தியில வைச்ச காசு..."

அவளுடைய கை நிற்கவில்லை.

"தெரிஞ்சிருச்சா."

பிறகு சொன்னாள். நெற்றிக்கு ஒரு ரூபாய்க் குற்றிதான் வைப்பார்கள். அன்று ஊர் முழுக்கக் கேட்டும் ஒரு ரூபாய் இல்லை. யார் வைத்திருக்கிறார்கள் இப்போது? ஒருவர் ஐந்து ரூபாய் கொடுத்தார். கரி பிடித்துக் கிடந்தது. அதை வைக்க மனம் வரவில்லை. மன்னாருக்குச் சீலை எடுக்கப் போன இடத்தில் அந்த மூடியைக் கண்டாள். மகள் எத்தனையோ தடவை காட்டியிருக்கிறாள். எது மன்னார் என்பது அவளுக்குத் தெரியும்.

"அத ஏன் எடுத்தேன்னு கேப்பீங்க."

"இல்லை மாமி."

"எங்க போனாலும் அவகிட்ட எந்த ஊருன்னு கேப்பாங்க. என்கிட்ட வந்து சொல்லிச் சொல்லிக் கோவப்படுவா. அங்கயும் யாராச்சும் கேட்டா, வாயத் தொறக்காம அத எடுத்துக் காட்டட்டும்னுதான்."

யசோதரன் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கம்பி முனை விரலில் ஏறியிருந்தது. கூட்டுக்குள் ஒரு பேடு கேறிவிட்டு அடங்கியது.

"நீங்க தேடுவீங்கன்னு நெனைக்கல" என்றாள். "போகட்டும் விடுங்க. அவளோடதான போச்சு. வேற யாருகிட்டயும் போகலையே."

அவன் தலையாட்டினான்.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பாடை படலை தாண்டினால் பிறகு நடப்பதெல்லாம் ஆண்களோடு. பரமேஸ்வரி கணவனை அனுப்பினாள், மகளை அனுப்பினாள். இரண்டு தடவையும் படலையோடு நின்றுவிட்டாள். நெற்றிக்காசு நெருப்புக்குள் போவதில்லை என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்டதில்லை.

யசோதரனுக்குத் தெரியும். மாமா ஏரம்புவின் சுடலையில் பார்த்திருக்கிறான். கொள்ளி வைக்க முதல், விறகு அடுக்கிய இரத்தினம் குனிந்து காசை எடுத்து மடியில் செருகினார். அது அவருக்குரிய உரிமை. மகளின் சுடலையிலும் அவர்தான் நின்றார். அன்று அவர் குனிந்தாரா, எடுத்தாரா? கொள்ளி வைத்தவனே யசோதரன்தான். ஒன்றும் நினைவில்லை.

வலை கட்டி முடிந்ததும் வாய்க்கால் பக்கம் நடந்துவிட்டு வருவதாகச் சொன்னான்.

* * *

இரத்தினம் வயலுக்குள் நின்றார். எலி குடைந்த வரம்புக்கு மண் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். வாய்க்கால் கரையில் நின்று யசோதரன் கூப்பிட்டான். கேட்க வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் கேட்டான்.

இரத்தினத்தின் முகம் மாறியது.

"நெத்திக்காசு நமக்குள்ளதுங்க தம்பி. மாமியா ஏதும் சொன்னாங்களா?"

"இல்லை அண்ணை. நீங்கள் எடுத்ததில பிழையில்லை. அது இப்ப எங்க எண்டு தெரிஞ்சாப் போதும்."

அவர் மண்வெட்டியை ஊன்றினார். ஒரு பத்து ரூபாய்க் குற்றிக்காக ஒருவன் மன்னாரிலிருந்து பஸ் ஏறி வந்திருப்பதை அவரால் நம்ப முடியவில்லை. சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து, வேறு பத்து ரூபாய் தரட்டுமா என்றுகூடக் கேட்டார். கேலி இல்லை. உண்மையாகத்தான் கேட்டார்.

யசோதரன் வேண்டாம் என்றான்.

"பத்து ரூபாய வச்சி என்ன செய்யிறது தம்பி? வெத்தல கூட வராது. அந்த வாரமே பஸ்ஸுக்குக் குடுத்துட்டேன்."

அதோடு விஷயம் முடிந்தது. யசோதரன் திரும்ப எடுத்து வைத்த காலை அவருடைய குரல் நிறுத்தியது.

"ஒண்ணு ஞாபகம் இருக்கு. காசு சொரண்டின மாதிரி இருந்துச்சு. செல்லாதுன்னு திருப்பிக் குடுப்பானோன்னு கண்டக்டர் கையையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவன் பையில போடல்ல. திருப்பித் திருப்பிப் பாத்தான். தன் சட்டப் பையில போட்டுக்கிட்டு, சொந்தக் காசு பத்து ரூபாய எடுத்துப் பையில போட்டான்."

யசோதரன் திரும்பி ஓரடி கிட்ட வந்தான்.

"என்னடா தம்பின்னேன். ஒரு டீச்சருக்கு வேணும், ஒதுக்கி வைக்கிறேன்னான். கொஞ்ச நாளா பஸ்ஸுல காணல, வந்தா குடுக்கணும்னான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் என்னத்தச் சொல்றது? எந்த டீச்சருன்னு எனக்குத் தெரியல." அவர் சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். மண்வெட்டியை மெல்ல வரம்பில் சாய்த்தார். "எந்த டீச்சருங்க தம்பி?"

 இரத்தினம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அவன் கரையோடு நடந்தான். ஒருத்தியின் நெற்றியிலிருந்து எடுத்த காசு ஒரு பையனின் சட்டைப் பைக்குப் போயிருக்கிறது. அவளுக்கே கொடுப்பதற்காக. அவள் பஸ் ஏறுவாள் என்று அவன் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. எத்தனை சனிக்கிழமை பார்த்தானோ. இன்னும் பார்க்கிறானோ.

உலகத்தில் இன்னும் ஒருவனுக்கு அவள் சாகவில்லை என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தான்.

* * *

மாமி சோறு போட்டாள். முட்டைகளை வைக்கோல் வைத்துச் சுற்றிப் பையில் கட்டித் தந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்காமல் பஸ் தரிப்பிடம் வரை கூட வந்தாள். சீமெந்துக் கட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். பையை அவள் மடியிலேயே வைத்திருந்தாள்.

"துஷ்யந்தி போன் பண்ணுச்சு" என்றாள். "நோட்டீஸ்ல அவ கடைசியா சொன்னதப் போடணுமாம். நீங்க வேணாம்னுட்டீங்களாம்."

அவன் வீதியைப் பார்த்தான். பஸ் இல்லை.

"அவ அப்புடிச் சொல்லல்ல. அப்புடித்தான?"

"மாமி..."

"எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்பிள. எம் மகளுக்கு என்னப் பாத்துக்கச் சொல்லத் தெரியாது. எங்கூடச் சண்ட போடத்தான் தெரியும். போன தீவாளிக்கு மொதத் தீவாளி, நான் மருந்து குடிக்கலன்னு ரெண்டு நாளு பேசல்ல. அவளா அம்மாவப் பாத்துக்கங்கன்னு சொல்லுவா?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"துஷ்யந்தி நல்ல மனசோட சொன்னிச்சு. நானும் அத வச்சித்தான் ஒரு வருசமா அழுவுறேன். அழுக வருது. அவ வரல்ல. வேற யாரோ ஒரு பொண்ணுக்கு அழுவுற மாதிரி இருக்கு."

யசோதரன் முழங்காலில் இருந்த வைக்கோல் துண்டைத் தட்டிவிட்டான்.

"நெசத்தச் சொல்லுங்க. என்னத் திட்டியிருந்தாலும் பரவாயில்ல."

அவனிடம் இரண்டு உண்மைகள் இருந்தன. ஒன்று காசைப் பற்றியது. அது மகளோடு போகவில்லை. அவள் காட்டுவதற்கு அங்கே கையில் ஒன்றும் இல்லை. அதை இந்த மனிசிக்குச் சொல்ல முடியுமா என்பது அவனுக்குத் தெரியவில்லை. றொட்னியைத் தேடிப் போய் அதை வாங்கி வந்து மூடியில் வைத்தால், மாமி என்றாவது வந்து பார்ப்பாள். வாங்காமல் விட்டால் அந்தப் பையன் இன்னும் பார்த்துக்கொண்டு இருப்பான். விடத்தல்தீவு தூரமில்லை. ஆனால் போவதா என்பதை இந்தத் தரிப்பிடத்தில் இருந்துகொண்டு முடிவெடுக்க முடியாது.

மற்றது சொல்லக்கூடியது. ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. செத்த வீட்டில் சொல்லக்கூடிய வார்த்தையாக அது இருக்கவில்லை. கேட்டவர்கள் இவ்வளவுதானா என்று பார்த்திருப்பார்கள். அப்படி யாரும் பார்ப்பதை அவனால் தாங்க முடியாது.

சொன்னான். பின்னேரம். காய்ச்சல் குறைந்திருந்தது. எழும்பிச் சாய்ந்து இருந்தாள். நீராகாரம் நிறையக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். செவ்விளநீர் வாங்கி வருகிறேன் என்று அவன் எழுந்தான். வார்ட் வாசலுக்குப் போனவனை அவள் கூப்பிட்டாள். அவனோடு எப்போதும் மன்னார்ப் பேச்சுத்தான் பேசுவாள். அன்று களைப்பில் தாய் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. அது அவளுக்குத் தெரியவில்லை. அவன் கையை உயர்த்தி, சரி என்று காட்டினான்.

அவள் சொன்னபடியே செய்தான். இளநீர்க்காரன் தந்த காசை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். மாத்தளை இல்லை. மொனறாகலையும் இல்லை. இல்லை என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படியேறினான். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. பரமேஸ்வரி முட்டைப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனுடைய வாயையே பார்த்தாள்.

"என்ன சொன்னா?"

அவன் அதை மகளின் பேச்சிலேயே சொன்னான்.

"மிச்சக் காசப் பாத்து வாங்குங்க."